பெயர் பதிதல்

ஜனவரி 4, 1998. மம்பாவ், மலேசியா.
லயத்தைக் காலி செய்யும்படி நோட்டீஸ் வந்த நாள்முதல் அப்பாயி சரியாகச் சாப்பிடவில்லை. 1943இல் சயாம் ரயில் பாதை வேலைக்கென்று ஜப்பானியர் லாரியில் ஏற்றிச் சென்ற என் பெரியப்பா, திரும்பி வருங்கால் இந்த வாசலையன்றி வேறெந்த வாசலை அறிவார் என்பதே, 55 ஆண்டுகளாக அவள் மனத்துள் வைத்திருந்து இன்று என்னிடம் கேட்ட கேள்வி. பர்மா எல்லைக்கு அப்பால் அவரைக் கடைசியாகக் கண்டதாக, உயிரோடு திரும்பிய தோட்டத்துக்காரர் ஒருவர் அக்காலத்திலேயே சொல்லியிருக்கிறார். போய்வர நிச்சயித்துவிட்டேன்.

ஜனவரி 17. ரங்கூன்.
சந்திதோறும் ராணுவ அரசின் சிவப்பு அறிவிப்புப் பலகைகள். 1996 டிசம்பரில் மாணவர் போராடியதற்காகச் சர்வகலாசாலைகளை இன்னும் பூட்டி வைத்திருக்கிறார்கள்.

ஜனவரி 19.
காளி கோயிலில் பரிச்சயமான பெரியவர், நே வின் ஆட்சியில் தம் கடை பறிபோனதும், 1964இல் 50, 100 கியாட் நோட்டுகள் திடீரெனச் செல்லாமற்போனதும், தம்பிமார் சென்னைக்குக் கப்பலேறியதுமாகத் தேநீர்க் கடையில் சொல்லி வந்தவர், பக்கத்து முக்காலியில் அந்நியன் ஒருவன் அமர்ந்த க்ஷணமே சாம்பாரின் பக்குவத்தைப் பற்றிப் பேசலானார். பின் வீட்டுக்கு அழைத்துப்போய் வயிறார உணவிட்டார், பொழுது சாய்ந்ததும் என் கைகளைப் பற்றிக்கொண்டு, "தம்பி, ராத்தங்கினா வார்டு ஆபீசுல பேரு பதியணும். பதியாம ஒரு ராத்திரிகூட இங்க யாரும் படுக்க முடியாது. கோவிச்சுக்காதீங்க," என்றார். விருந்தாளியை இருட்டில் அனுப்பும் வெட்கம் அவர் விரல்களில் நடுங்கிற்று.

ஜனவரி 20.
ரயில் புறப்படவில்லை. ஏனென்று கேட்பாருமில்லை.

ஜனவரி 23. தன்பியூசயாட்.
415 கிலோமீட்டர் மரண ரயில் பாதையின் பர்மா முனை இது. இங்குள்ள மயானத்தில் 3,700க்கும் மேற்பட்ட நேச நாட்டு வீரர்கள், பெயர் பொறித்த தகடுகளின் கீழ் வரிசை வரிசையாகத் துயில்கிறார்கள். மலாயாவிலிருந்து பல்லாயிரவராகக் கொண்டுவரப்பட்ட தோட்டத் தமிழர்களில் ஒருவர் பெயரையும் காணேன். புல் வெட்டிய கிழவர் ஒருவர் யாரைத் தேடுகிறாயென்று சைகையால் வினவி, என் விடை விளங்காமலே, குடிக்கத் தண்ணீர் மொண்டு கொடுத்தார். வாயிலில் வருகைப் பதிவேடு இருந்தது. என் பெயரை எழுதக் குனிந்தவன் பெரியப்பாவின் பெயரை எழுதினேன், ஊர், மம்பாவ்.

பிப்ரவரி 2. மம்பாவ்.
"அங்க இருக்கானா?" என்றாள் அப்பாயி. "பேரு இருக்கு அப்பாயி," என்றேன். வெகுநேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கொஞ்சம் கஞ்சி கேட்டாள். இரவு, வழக்கம்போல், வாசற்கதவைத் தாழிட விடவில்லை. காலி செய்ய இன்னும் 26 நாள்.