மலாயாக்காரர் வீடு, இரண்டு ரூபாய்

எங்கள் குடும்பத்தில் நாட்குறிப்பு எழுதியவர் எவரும் கிடையாது. கடிதங்களைச் சேர்த்துக் கட்டிவைக்கும் வழக்கமும் இல்லை. படித்து முடித்ததும் சுவரோரம் தொங்கும் கம்பியில் குத்திவைப்பார்கள்; கம்பி நிறைந்தால் அடுப்புக்குப் போகும். மொய் நோட்டு மட்டும் போகாது. வடகாடு, கீரமங்கலம், பேராவூரணிப் பக்கம் எந்தப் பழைய வீட்டுப் பரணில் ஏறினாலும், நிலப்பத்திரத்துக்கும் ஜாதகக் கட்டுக்கும் பக்கத்தில் வேட்டித் துணியில் சுற்றி, வசம்பும் வேப்பிலையும் போட்டு மொய் நோட்டுகளை வைத்திருப்பார்கள். வாங்கிய மொய்யைத் திருப்பிச் செய்தாக வேண்டும். விட்டுவிட்டால் நாலு பேர் முன்னால் பேச்சு வரும். அந்தப் பேச்சுக்குப் பயந்துதான் எங்கள் பக்கத்தில் இவ்வளவு காகிதம் பிழைத்துக் கிடக்கிறது.

பெரியத்தையின் கல்யாண நோட்டு 1956-ஆம் வருடத்தது. பேரேட்டுத் தாள். நான்கு மூலையிலும் தடவிய மஞ்சள் பழுப்பேறி, இப்போது காகிதம் எது மஞ்சள் எது என்று பிரிக்க முடியாது. தலைப்பில் பிள்ளையார் சுழி, அதன் கீழ் தாய்மாமன் செய்த சீர். பிறகு ஊர், பெயர், தொகை என்று வரிவரியாக இறங்குகிறது. ஓர் ஊரில் ஒரே பெயரில் ஐந்து பேர் இருந்தால் எழுதுகிறவர் என்ன செய்வார்? கிணத்தடி வீடு, மச்சு வீடு, பர்மாக்காரர், ஒத்தைமாட்டு வண்டி என்று பக்கத்தில் குறித்துக்கொள்வார். தொகையெல்லாம் ரூபாய், அணா, பை: 1-4-0, 0-8-0.

அப்பாவின் கல்யாணம் 1963-இல். அதற்குள் 1957 ஏப்ரலில் வந்த நயா பைசா ஊருக்குள் புகுந்துவிட்டிருந்தது. அந்த நோட்டில் 1.25, 0.50 என்று புள்ளி வைத்து எழுதியிருக்கிறார்கள். நடுவில் சில பக்கங்கள் கையெழுத்து மாறுகிறது. பந்திக்கு எழுந்துபோனவருக்குப் பதிலாக யாரோ பெரியவர் உட்கார்ந்திருக்கிறார் போலும். அவர் கை பழக்கதோஷத்தில் மறுபடி அணாவுக்கே போய்விட்டது. டெல்லியில் போட்ட ஒரு சட்டம் வடகாட்டில் ஒருவருடைய விரல்வரை வந்துசேர எவ்வளவு காலம் பிடித்தது என்பதை அந்தப் பக்கங்களில் கண்ணால் பார்க்கலாம். புத்தகத்தில் படித்திருந்தால் எனக்கு இது உறைத்திருக்காது.

இதையெல்லாம் யார் ஒரு பொருட்டாக மதித்துச் சேர்ப்பார்கள் என்று நினைக்கும்போது கோட்டையூர் ரோஜா முத்தையா நினைவுக்கு வருவார். காரைக்குடிக்குப் பக்கத்து ஊர். விளம்பரப் பலகை எழுதிய ஓவியர். அரிய நூல்களோடு கல்யாணப் பத்திரிகை, நாடக நோட்டீஸ் என்று மற்றவர்கள் கீழே போட்டதையும் சேர்த்தார். 1992-இல் அவர் காலமானபின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரத்தை வாங்கிச் சென்னையிலேயே வைத்தது. அதுதான் இன்றைய ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். ஒரு கிராமத்து வீட்டில் ஒரு தனிமனிதர் காப்பாற்றியது என்பதை அங்கே போகும்போதெல்லாம் எனக்குள் சொல்லிக்கொள்வேன். புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளையின் கதையும் ஏறக்குறைய இப்படித்தான். 1736 முதல் 1761 வரை அவர் எழுதிய நாட்குறிப்பு, அவர் இறந்து எண்பத்தைந்து வருடம் கழித்து 1846-இல்தான் வெளியார் கண்ணில் பட்டது. அதுவரை வைத்திருந்த வீட்டாருக்கு அது எங்க முப்பாட்டன் எழுதிய கணக்கு என்ற அளவில்தான் தெரிந்திருக்கும். போடாமல் வைத்திருந்தார்களே, அந்தக் கைகளைக் கும்பிட வேண்டும்.

ஏடுகளை ஆடிப்பெருக்கில் ஆற்றோடு விட்டதை உ.வே.சா. எழுதியிருக்கிறார். எங்கள் பக்கம் ஆற்றுக்கு வேலையில்லை, பாகப்பிரிவினை போதும். சின்னத் தாத்தா வீட்டை இடித்தபோது இரண்டு டிரங்குப் பெட்டிக் காகிதம் பழைய பேப்பர்காரரின் தராசில் ஏறியது. சிங்கப்பூர் தபால்தலை ஒட்டிய உறைகளை மட்டும் பிள்ளைகள் கிழித்து எடுத்துக்கொண்டார்கள். உள்ளே இருந்த கடிதங்கள் எடைக்குப் போயின. நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

சிங்கப்பூர் என்றதும் அந்த வரிக்கு வந்துவிடுகிறேன்; எதை எடுத்தாலும் மனம் அங்கேதான் போய் நிற்கிறது. 1956 நோட்டில் ஓர் ஆணின் பெயர். பக்கத்தில் ‘மலாயாக்காரர் வீடு’ என்ற குறிப்பு. தொகை 2-0-0. பெரியத்தைக்குக் கண் மங்கிவிட்டதால் நான்தான் வாசித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெயர் வந்ததும் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார்.

“அவரு எங்கடா தம்பி வந்தாரு? சண்டையிலயே ஆளு காணாமப் போச்சு. அந்தப் பொம்பளைதான் வந்து நின்னுச்சு. ‘ஒம்பேர்ல எழுதட்டா ஆத்தா’ன்னு கேட்டதுக்கு, ‘அவரு பேர்ல எழுதுங்க, நாளைக்கி வந்து கேட்டா நான் என்ன பதில் சொல்லுவேன்’னுச்சு.”

நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி மலாயா ரப்பர் தோட்டத்துக்குப் போனவர். ஜப்பான்காரன் வரும்வரை பணமும் கடிதமும் வந்திருக்கின்றன. சண்டை முடிந்து திரும்பிய ஒருவர், சயாம் ரயில் வேலைக்கு ஆள் ஏற்றிப்போன கூட்டத்தில் அவரைப் பார்த்ததாகச் சொன்னாராம். அவ்வளவுதான் தகவல். 1942-43இல் சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் பாதை போட்டார்கள். அதில் செத்த வெள்ளைக்காரப் போர்க்கைதிகளுக்குத் தாய்லாந்தின் காஞ்சனபுரியில் வரிசையாகக் கல்லறைகள் இருக்கின்றன. பெயரும் படைப்பிரிவும் இறந்த தேதியும் பொறித்தவை. அவர்களைவிடப் பல மடங்கு செத்தவர்கள் ஆசியக் கூலிகள். அவர்களில் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன தமிழர் ஏராளம். அவர்களுக்கு அப்படியொரு பெயர்ப் பட்டியல் இல்லை. காட்டோரக் குழிகளோடு போனார்கள்.

அவர் பெயர் எழுதிய காகிதம் எங்கள் பரணில் ஒன்று இருந்தது. இன்னொன்று இருந்தாக வேண்டும் என்று தோன்றியது. மொய் நோட்டின் இயல்பே அப்படி: நமக்கு வந்தது நம் நோட்டில் இருக்கும்; நாம் செய்தது அடுத்தவர் நோட்டில் இருக்கும். ஒரு வீட்டுச் சரித்திரத்தில் பாதி ஊரார் பரண்களில் கிடக்கிறது. மலாயாக்காரர் வீட்டுப் பேத்தி பட்டுக்கோட்டையில் இருக்கிறார். தேடி எடுத்துக் காட்டினார்: 1961-இல் நடந்த அவருடைய அம்மாவின் கல்யாண நோட்டு. அதில் எங்கள் தாத்தா பெயர், ஐந்து ரூபாய். இரண்டு வாங்கி ஐந்து செய்திருக்கிறார். அதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. நோட்டுக்குள் கல்யாணப் பத்திரிகையும் இருந்தது, ராமபாணம் துளைத்த மஞ்சள் தாள். தங்கள் நல்வரவை விரும்பும் என்ற வரிக்குக் கீழே அவர் பெயர்தான் அச்சாகியிருந்தது. பெயருக்கு முன்னால் அமரர் என்றோ காலஞ்சென்ற என்றோ ஒரு சொல் இல்லை. ஆள் போய் ஏறத்தாழ இருபது வருடம். அந்த அம்மாள் கடைசிவரை தாலியைக் கழற்றவில்லை என்றார் பேத்தி.

அந்த அம்மாளின் பெயர் பத்திரிகையிலும் இல்லை, இரண்டு நோட்டிலும் இல்லை. பேத்தி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

அதற்குப் பிறகு நோட்டுகளை வேறு கண்ணோடு பார்க்க ஆரம்பித்தேன். பெண்கள் பெயர் அபூர்வம். கடைசிப் பக்கங்களில் செலவுக் கணக்கு இருக்கிறது. சமையல்காரருக்குப் பெயர் உண்டு, ஜவுளிக் கடைக்குப் பெயர் உண்டு. துணி வெளுத்தவருக்கும், முடி திருத்தியவருக்கும், பறை அடித்தவர்களுக்கும் சாதிப் பெயரும் கூலியும் மட்டும்தான். மூன்று நாள் அந்தப் பந்தலடியில் வேலை பார்த்தவர்கள். எழுதினவருக்கு அவர்கள் பெயர் தெரியாமலா இருந்திருக்கும்? எங்கள் வீட்டுக் காகிதத்தை நான் நேசிக்கிறேன். இந்த அநியாயமும் அதே காகிதத்தில், அதே மையில் இருக்கிறது. படியெடுக்கும்போது அந்தப் பக்கங்களை விட்டுவிடலாம் என்று உறவில் ஒருவர் சொன்னார். விடவில்லை. அவர்கள் தெருவில் இன்று அறுபது, எழுபது வயதில் இருப்பவர்களிடம் கேட்டால் பாதிப் பெயராவது கிடைக்கும். இரண்டு பெயர் கிடைத்திருக்கிறது.

ஃபோட்டோக்களிலும் இதே நிலைமைதான். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தமிழகத்துப் பழைய ஸ்டுடியோக்களின் குடும்பப் படங்களைத் தேடித் தேடி மின்னுருவாக்கியிருக்கிறது. திரைச்சீலைக்கு முன்னால் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் எத்தனையோ முகங்கள், யாரென்று சொல்ல ஆளில்லாமல். வீட்டுப் படமென்றால் சொல்வதற்கு ஒரு பெரியத்தை இருக்கிறார், இப்போதைக்கு. படத்தைக் கண்ணுக்கு வெகு பக்கத்தில் வைத்துக்கொள்கிறார். “இது கிணத்தடி வீட்டுச் சின்னாத்தா. தண்டட்டிய அடகு வச்சிட்டாங்கன்னு படம் புடிக்க வரமாட்டேன்னுச்சு. பாரு, சீலைய இழுத்துக் காத மூடிருக்கும்.” உண்மைதான், முந்தானை இரண்டு காதையும் மூடியிருக்கிறது. பின்பக்கம் பெயரை எழுதினேன், பென்சிலால். பேனா மை நாளாவட்டத்தில் முன்பக்கம் ஊறிவிடும். தண்டட்டி அடகுக்குப் போனதையும் எழுதினேன். குரலைச் செல்பேசியில் பிடித்துவைத்திருக்கிறேன்.

இப்போது கல்யாண வீடுகளில் மொய் எழுத கணினி வந்துவிட்டது. வாசலில் மேசை போட்டு, ஊர், பெயர், தொகை, செல்பேசி எண் தட்டி, சின்ன ரசீதும் கையில் கொடுக்கிறார்கள். சாயங்காலத்துக்குள் ஊர்வாரியாகப் பிரித்துக் கணக்கு வந்துவிடுகிறது. குறை சொல்ல ஒன்றுமில்லை. கிணத்தடி வீட்டுக்கும் மலாயாக்காரர் வீட்டுக்கும் மட்டும் அதில் கட்டம் இல்லை. வைகாசியில் தம்பி மகள் கல்யாணம். மொய் எழுத வரும் பையனிடம் முன்கூட்டியே பேசினேன். ரசீதில் இடம் பத்தாது என்றார். இரண்டாம் வரியில் போடலாமே என்றேன். அங்கேயே கணவன், மனைவி இருவர் பெயரும் வர வேண்டும் என்றும் சொன்னேன். யோசித்துவிட்டு, பட்டியல் கொடுத்தால் முதலிலேயே ஏற்றிவைக்கிறேன் என்று ஒத்துக்கொண்டார். பெரியத்தை சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டிருக்கிறேன். வடகாடு முடிந்தது. கீரமங்கலம் மேலத்தெருவில் மூன்று வீட்டுக்குப் பெண்கள் பெயர் தெரியவில்லை; அதற்கு ஞாயிற்றுக்கிழமை போகிறேன்.