உடம்பில் இருக்கவேண்டியது

செய்தி மேசையில் முப்பது ஆண்டுகள் இருந்தவனுக்குப் படகு விபத்துச் செய்தியின் அமைப்பு மனப்பாடம். முதலில் மாண்டவர் தொகை. அடுத்து இடம், நேரம், காற்று. கடைசிப் பந்தியில், பக்கத்தில் இடம் போதாவிட்டால் முதலில் வெட்டுப்படும் இடத்தில், 'அவர்கள் உயிர்காப்பு அங்கி அணிந்திருக்கவில்லை' என்றொரு வரி. சில வேளைகளில் அது இன்னும் கொடுமையானது: அங்கிகள் படகினுள்ளேயே கிடந்தன. என்னைக் கேட்டால் அந்த வரிதான் செய்தி.

மெல்பேர்னில் வசிக்கும் என் அக்காவின் மகன் சென்ற ஆண்டு ஐந்தரை மீற்றர் நீளமான இயந்திரப் படகொன்றை இரண்டாம் கையாக வாங்கினான். விடுமுறை நாட்களில் போர்ட் பிலிப் விரிகுடாவில் மீன் பிடிப்பதும் தன் இரு பெண் குழந்தைகளை அழைத்துச் செல்வதும் நோக்கம். நான் அங்கே போயிருந்தபோது, அவசரகாலச் சாமான்கள் வாங்குவதற்கு என்னையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனான். யாழ்ப்பாணத்திலிருந்து அக்கா தொலைபேசியில் எனக்கு இட்ட கட்டளை ஒன்றே ஒன்று: "அவன்ர விளையாட்டுச் சாமான்களை விடு. பிள்ளையளின்ர அங்கியைப் பார்."

அவள் அப்படிச் சொன்னதில் வியப்பில்லை. ஆனையிறவுப் பாதை மூடிக்கிடந்த 1993இல், கிளாலிக் கடனீரேரியை இரவில் வள்ளத்தில் கடந்த ஆயிரக்கணக்கானோருள் நாங்களும் அடக்கம். மருமகனுக்கு அப்போது மூன்று வயது. சேலைத் தலைப்பால் அவனைத் தன் இடுப்போடு சேர்த்துக் கட்டியிருந்தாள். உயிர்காப்பு அங்கி என்ற ஒன்றை அந்த வள்ளத்தில் எவரும் கண்டதில்லை. ஒரு சிறு வெளிச்சமும் தெரியக்கூடாது, குழந்தை அழக்கூடாது என்பவைதாம் அன்றைய பாதுகாப்பு விதிகள். இன்று அதே பிள்ளை, தண்ணீர் பட்டவுடன் தானாக எரியும் விளக்குப் பூட்டிய அங்கியைக் கையில் வைத்துக்கொண்டு விலை பார்க்கிறான்.

ஆனால் அவன் கண் முதலில் போனது உயிர்காப்புத் தெப்பத்தின் மீதுதான். கயிற்றை இழுத்தால் தானாகக் காற்று நிரம்பி, கூரையும் விரிந்துவிடும். பார்த்தவுடன் நம்பிக்கை தரும் பொருள். நடுக்கடலில் அதன் பெறுமதியை நான் மறுக்கவில்லை. அமெரிக்கரான ஸ்டீவன் கலஹான் 1982 பெப்ரவரியில் அத்திலாந்திக்கில் தன் சிறு பாய்மரப் படகை இழந்து, 76 நாட்கள் தெப்பத்தில் மிதந்து, கரிபியன் தீவுகளின் அருகே மீனவர்களால் காப்பாற்றப்பட்டார். தெப்பம் இல்லையேல் அவர் இல்லை. ஆனால் மூழ்கிக்கொண்டிருந்த படகுக்குள் மீண்டும் இறங்கி அவர் எடுத்துவந்த அவசரப் பை இல்லாவிடினும் அவர் இல்லை.

1979 ஓகஸ்ற்றில் நடந்த ஃபாஸ்ற்நெற் பாய்மரப் போட்டி மறுபக்கத்தைக் காட்டும். புயலில் 15 போட்டியாளர்கள் உயிரிழந்தனர். கைவிடப்பட்ட 24 படகுகளில் மூழ்கியவை ஐந்து மட்டுமே. ஏனையவை ஆளின்றி மிதந்துகொண்டிருந்தன. அவற்றை விட்டுத் தெப்பத்துக்கு மாறியவர்களுள் சிலர் திரும்பி வரவில்லை. படகு மிதக்கும்வரை படகை விடாதே என்று கடலோடிகள் அதன்பின் அழுத்திச் சொல்வதற்கு இதுவே காரணம்.

"விரிகுடாவுக்குள் ஓடப்போகிற உனக்குத் தெப்பம் எதற்கு?" என்றேன். அந்தக் காசை வேறு இரண்டு பொருட்களில் போடச் சொன்னேன்.

ஒன்று, செய்மதிக்கு அபாய சமிக்ஞை அனுப்பும் கருவி. ஈபேர்ப் என்பார்கள். கலஹானிடமும் அதன் பழைய வடிவம் இருந்தது. மேலே பறக்கும் விமானம் எதுவும் அதைக் கேட்கவில்லை. அபாய சமிக்ஞைகளைக் கேட்கும் கொஸ்பாஸ்-சார்சாற் திட்டத்தின் முதற் செய்மதி ஏவப்பட்டது அவர் கரைசேர்ந்து இரண்டு மாதங்களின் பின்னர்! இப்போதைய 406 மெகாஹேட்ஸ் கருவி குறைந்தது 48 மணி நேரம் ஒலிபரப்பும். ஜி.பி.எஸ். உள்ளதாயின் தேடும் பரப்பு கிலோமீற்றர்களிலிருந்து மீற்றர்களாகச் சுருங்கிவிடும். கைத்தொலைபேசி இருக்கிறதே என்பவர்கள், நனைந்த விரலால் நனைந்த திரையை ஒருமுறை தொட்டுப் பார்க்கட்டும்.

படகோடு பழைய ஈபேர்ப் ஒன்றும் வந்திருந்தது. எடுத்துப் பார்த்தால் பற்றரிக்குரிய திகதி கடந்திருந்தது. பதிவோ முன்னைய உரிமையாளரின் பெயரில். அதை அழுத்தியிருந்தால், மீட்புப் பணியாளர் முதலில் தொலைபேசியில் அழைத்திருப்பது தன் வீட்டில் நிம்மதியாக இருக்கும் அந்த மனிதரைத்தான்.

மற்றையது அங்கி. கடையில் நாங்கள் அதிக நேரம் நின்றது இங்கேதான். நிலை 50 என்று குறித்தவை நீந்தத் தெரிந்தவர்க்குக் கரையருகே உதவுபவை. மயங்கியவரின் முகத்தை மேலே திருப்பமாட்டா. நிலை 100, 150 என்பவை அதற்காகவே ஆனவை. குழந்தைக்கு அளவு வயதைக் கொண்டல்ல, உடல் எடையைக் கொண்டு. தோளில் பிடித்து அங்கியைத் தூக்கினால் காதுவரை ஏறிவந்தால் அது பெரிது என்று பொருள். பள்ளிச் சீருடைபோல 'வளர்ந்தால் சரியாகிவிடும்' என்று வாங்குவது நம்மவர் பழக்கம். கடலில் பிள்ளை அங்கியிலிருந்து வழுகிப்போய்விடும். கால்களிடையே போகும் பட்டி கட்டாயம். வாயுக் குப்பியால் ஊதிப் பெருக்கும் மெல்லிய அங்கி மருமகனுக்குப் பிடித்திருந்தது. வெயிலுக்கு வசதிதான். ஆனால் ஆண்டுதோறும் அதைச் சோதிக்கவேண்டும். சிறு பிள்ளைகளுக்கு அது ஏற்றதல்ல.

விக்டோரியா மாநிலச் சட்டப்படி 4.8 மீற்றர் வரையிலான இயந்திரப் படகு ஓடும்போது, திறந்த பகுதியில் உள்ள அனைவரும் அங்கி அணிந்திருக்கவேண்டும். அதைவிடப் பெரிய படகில், பெரியவர்களுக்கு ஆபத்து மிகுந்த வேளைகளில் மட்டுமே கட்டாயம். "எங்கட படகு அதைவிடப் பெரிசு மாமா" என்றான். எழுபது சென்ரிமீற்றர் பெரிது! கடல் அளவுகோல் வைத்திருப்பதில்லை. அப்பா போடாத அங்கியைப் பிள்ளை எத்தனை நாளைக்குப் போடும் என்று கேட்டேன். பதில் வரவில்லை, நான்கு அங்கிகளுக்குப் பணம் கட்டினான்.

மிகுதியை விரைவாக முடித்தோம். வீ.எச்.எவ். வானொலி, திகதி முடியாத கைத்தீக்குச்சிகள், ஊதுகுழல், கண்ணாடி, கத்தி, தண்ணீர். ஓட்டுபவன் விழுந்தால் இயந்திரத்தை நிறுத்தும் சுருள் நாடா படகோடே இருந்தது. எல்லாவற்றிலும் மலிவானதும், ஓட்டுபவர்கள் மாட்ட மறப்பதும் அதுவே. ஓடும் படகு தன்னிடமிருந்து விழுந்தவனையே சுற்றிவந்து வெட்டும்.

அன்றிரவு ஈபேர்பைத் தன் பெயரில் பதிந்தான். அவுஸ்திரேலியாவில் அதற்குக் கட்டணமில்லை. அவசரத்தில் அழைக்கவேண்டியவர்களின் இலக்கங்கள் கேட்கப்பட்டிருந்தன. மனைவியின் இலக்கத்தை எழுதிவிட்டு, "உங்கட நம்பரையும் போடவோ மாமா?" என்றான். அம்மாவுக்கு அடித்தால் பயந்துவிடுவா என்றும் சேர்த்துக்கொண்டான். வேண்டாம் தம்பி என்றேன். நான் கொழும்பில். எந்தத் துறையில் இறங்கினாய், எத்தனை பேர் போனீர்கள், எப்போது திரும்புவதாகச் சொன்னாய் என்று தெரிந்த ஒருவரின் இலக்கம்தான் வேண்டும். சற்று யோசித்துவிட்டு, சனிக்கிழமை காலையில் படகு வண்டி வெளியே போவதை வேலிக்கு மேலால் பார்த்து நிற்கும் பக்கத்து வீட்டுக் கிழவரின் இலக்கத்தை எழுதினான்.