உருக்கெண்ணெய்

நாஞ்சில் நாட்டில் ஒரு வீட்டில் பெண் நிறைமாதமாக இருக்கிறாள் என்பதை, அந்த வீட்டார் வாய்திறந்து சொல்லாமலே தெருவில் போகிறவர்கள் அறிந்துகொள்வதற்கு முன்பெல்லாம் ஒரு வழி இருந்தது. காலைச் சமையல் முடிந்து அடுப்படி ஓய்ந்திருக்க வேண்டிய வேளையில், புறவாசலிலிருந்து, பாயசத்தின் வாசனை என்றும் சொல்ல முடியாமல், பலகாரத்தின் வாசனை என்றும் சொல்ல முடியாமல், இனிமையும் கனமும் கலந்த ஒரு மணம் எழுந்து மதிலைத் தாண்டி வரும். பிறக்கப்போகும் சிசுவின் மேனியிலும் சிரசிலும் தேய்ப்பதற்காகத் தேங்காய்ப்பாலைக் காய்ச்சி எண்ணெய் எடுக்கிறார்கள் என்று அதற்கு அர்த்தம். அந்த எண்ணெய்க்கு உருக்கெண்ணெய் என்று பெயர். கொப்பரையைச் செக்கிலிட்டு ஆட்டும் எண்ணெயும் தேங்காயிலிருந்து வருவதுதான் என்றாலும், அது பல நாள் வெயிலிலோ புகையிலோ காய்ந்து சுருங்கிய பருப்பின் எண்ணெய். இதுவோ அன்று காலையில் உடைத்த பச்சைத் தேங்காயின் பாலிலிருந்து அன்று பிற்பகலிலேயே இறங்குவது.

இதற்கு எடுக்கும் காய் நன்றாக முற்றியிருக்க வேண்டும். ஆனால் உள்ளே பூ விட்டிருக்கக் கூடாது. ஈத்தாமொழிப் பக்கத்து நெட்டைத் தென்னையின் காய் கிடைத்துவிட்டால் அது விசேஷம். பிற்காலத்தில் புவிசார் குறியீடும் பெற்றுவிட்ட அந்தத் தென்னையை எங்கள் பக்கத்துப் பெண்கள் அதற்கு வெகுகாலம் முன்னரே பருப்பின் கனத்தைக் கையால் நிறுத்தே தெரிந்து வைத்திருந்தார்கள். துருவிய தேங்காயை அம்மியில் ஒன்றிரண்டாகச் சதைத்து, வெதுவெதுப்பான நீர் தெளித்து, வெள்ளைத் துணியிலிட்டு முறுக்கிப் பிழிந்து, முதற்பாலும் இரண்டாம் பாலும் மூன்றாம் பாலும் எடுத்து, அவற்றைச் சேர்த்துச் சில மணி நேரம் அசையாமல் வைத்திருந்தால், கொழுப்பு மேலே ஆடையாகத் திரண்டு, நீர் அடியில் தங்கிவிடும். அந்த ஆடையை வழித்து உருளியில் இட்டு, கொழுந்துவிட்டு எரியாத தணலில் ஏற்றிச் சிரட்டை அகப்பையால் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். பாலில் எண்ணெய் நுண்ணிய துளிகளாக மிதக்கிறது. ஒவ்வொரு துளியையும் புரதம் மெல்லிய உறையாகச் சூழ்ந்து, ஒன்றோடொன்று சேரவொட்டாமல் தடுத்து வைத்திருக்கிறது. சூட்டில் நீர் ஆவியாகிப் புரதம் திரிந்து உறை குலைந்ததும், அதுவரை தனித்தனியே நின்ற துளிகள் ஒன்றுகூடித் தெளிந்த எண்ணெயாக மேலெழுகின்றன. 15 காய்க்கு ஏறத்தாழ 1 லிட்டர் கிடைத்தால் அது நல்ல பலன் என்றே சொல்ல வேண்டும். காய்க்கும் கைப்பக்குவத்துக்கும் ஏற்ப அது கூடும், குறையும்.

என் ஆச்சி இந்தக் காரியத்தில் கண்ணைவிடக் காதையே அதிகம் நம்பினாள். நுரை எப்படி அடங்குகிறது, நிறம் எப்படி மாறுகிறது என்று சுற்றி நின்ற பெண்கள் உருளிக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்க, அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, எண்ணெய்க்குள் சிக்கிய நீர் சடசடவென்று வெடிக்கும் ஒலியையே கவனித்துக்கொண்டிருப்பாள். “தண்ணிச் சத்தம் அடங்கட்டு மக்கா; அதுக்கு மின்ன எறக்கிராத” என்பது அவள் கட்டளை. அந்த ஒலி முற்றும் அடங்குவதற்குள் இறக்கிவிட்டால் எண்ணெயில் ஈரம் தங்கிச் சில வாரங்களிலேயே காறல் வாடை பிடித்துவிடும். அடங்கிய பின்னும் அடுப்பில் விட்டுவைத்தால் அடியில் படியும் கசண்டு தீய்ந்து எண்ணெய் கறுத்துவிடும். இந்த இரண்டுக்கும் இடையே உள்ள சில நிமிஷங்களைப் பிடிப்பதுதான் பக்குவம். வடித்தபின் உருளியின் அடியில் பொன்னிறமாகத் தங்கும் கசண்டைக் கருப்பட்டியோடு பிசைந்து, காத்திருக்கும் பிள்ளைகளின் கையில் ஆச்சி உருண்டை உருண்டையாக வைப்பாள். நாளை ஒரு சிசுவின் மேனியில் படப்போகும் பதார்த்தத்தை இன்று இன்னொரு குழந்தை வாயில் போட்டுச் சுவைக்கிறது என்பதைக் காட்டிலும் அதன் சுத்தத்துக்கு வேறென்ன அத்தாட்சி வேண்டும்?

சிசுவின் தோல் நம்முடைய தோலைப் போல் இறுகியதன்று. உள்ளிருக்கும் ஈரத்தைப் பிடித்து வைக்கும் சக்தி அதற்கு நாளடைவிலேதான் வருகிறது. குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கோ அந்தச் சக்தி மிகக் குறைவு. மெல்லியதாகத் தடவிய எண்ணெய் அந்த ஈரம் வீணாகாமல் காக்கிறது. 2005ஆம் ஆண்டில் ‘இந்தியன் பீடியாட்ரிக்ஸ்’ என்ற வைத்தியப் பத்திரிகையில் வெளியான ஓர் ஆய்வில், குறைமாதச் சிசுக்களுள் தேங்காய் எண்ணெய் தேய்க்கப்பெற்றவை, பெட்ரோலியத்திலிருந்து எடுக்கப்படும் கனிம எண்ணெய் தேய்க்கப்பெற்றவற்றைக் காட்டிலும் விரைவாக எடை கூடின என்று கண்டிருக்கிறார்கள். எண்ணெயோடு சேர்ந்து ஒரு கையின் ஸ்பரிசமும் குழந்தைக்குக் கிடைக்கிறது. கால்களை நீட்டி உட்கார்ந்து, அவற்றின்மேல் குழந்தையைக் கிடத்தி, மார்பிலிருந்து தோளுக்கும் தொடையிலிருந்து பாதத்துக்கும் அவசரமில்லாமல் நீவிவிடும் அந்தக் கையின் பங்கைக் கணக்கில் சேர்க்காமல் எண்ணெயின் மகிமையை மட்டும் பேசுவது நியாயமாகாது.

ஆனால் பழைய சம்பிரதாயம் என்பதற்காக எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்ள நான் உடன்படமாட்டேன். குழந்தையின் மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது, எத்தனை தலைமுறை செய்துவந்திருந்தாலும், நிறுத்தப்பட வேண்டிய வழக்கம். மூக்கில் விட்ட எண்ணெய் சுவாசக் குழாய் வழியே நுரையீரலுக்குள் இறங்கினால் அங்கே அழற்சி உண்டாகி, நிமோனியாவில் கொண்டுபோய் விடும். குழந்தை வைத்தியர்கள் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லியும் நம் வீடுகளில் இன்னும் அது முற்றாக ஒழியவில்லை. எண்ணெய் மேனிக்கு உரியது. மூச்சு போகும் வழியில் அதற்கு இடமே இல்லை.

பெரியவர்களின் கேசத்துக்கு வருவோம். தலைமுடி பெரும்பாலும் புரதத்தால் ஆனது. நனையும்போதெல்லாம் அது நீரை உறிஞ்சிப் பருக்கிறது, உலரும்போது சுருங்குகிறது, இவ்வாறு பருத்தும் சுருங்கியும் வருவதால் அதன் மேற்புறத்துச் செதில்கள் தளர்ந்து, சீப்புப் படும்போது உடைந்து, உள்ளிருக்கும் புரதமும் சிறிது சிறிதாகக் கழிந்துவிடுகிறது. தேங்காய் எண்ணெயில் ஏறத்தாழப் பாதி லாரிக் அமிலம். அதன் மூலக்கூறு சிறியது, கிளையில்லாமல் நேராக நீண்டது, புரதத்தோடு ஒட்டும் இயல்புடையது. ஆகையால் அது முடியின் மேலே பளபளப்பதோடு நின்றுவிடாமல் உள்ளேயும் ஊடுருவுகிறது. ரேலே, மோஹிலே என்னும் இரண்டு ஆய்வாளர்கள் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டு 2003ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவில், தலைமுடியின் புரத இழப்பைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் ஒன்றுதான் என்று கண்டார்கள். அவர்கள் பணியாற்றியது தேங்காய் எண்ணெய் விற்கும் ஒரு நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் என்பதையும் வாசகர் அறிந்துகொள்வது நல்லது. எனினும் அவர்கள் கூறிய காரணம் இரசாயன நியாயத்துக்குப் பொருந்தியே இருக்கிறது. நமக்கு இதிலிருந்து கிடைக்கும் பிரயோஜனமான செய்தி, எண்ணெயைக் குளித்தபின் அலங்காரத்துக்காகத் தடவுவதைவிடக் குளிப்பதற்கு முன் தேய்த்துச் சிறிது நேரம் ஊறவிடுவது முடிக்கு அதிகக் காப்பு என்பதே.

தமிழ்நாடு முழுவதற்கும் இது ஒரே சம்பிரதாயமாக இருந்ததில்லை. பாண்டி நாட்டிலும் கொங்கு நாட்டிலும் வாரந்தோறும் தலைமுழுகுவதற்கு நல்லெண்ணெயே உரியது. ஆடவர்க்குச் சனிக்கிழமையும் பெண்டிர்க்கு வெள்ளிக்கிழமையும் என்று நாளும் குறித்து வைத்திருந்தார்கள். அங்கே தேங்காய் எண்ணெய் தினந்தோறும் தலைவாரிப் பின்னுவதற்கானது. தென்னை சூழ்ந்த எங்கள் கோடியிலும் அதற்கப்பால் மலையாள நாட்டிலுந்தான் தலைக்கும் மேனிக்கும் சமையலுக்கும் அது ஒன்றே போதுமானதாக இருந்தது. சித்த வைத்தியர்கள் இந்த எல்லைகளைப் பொருட்படுத்தாமல், தோலுக்கான பல தைலங்களுக்குத் தேங்காய் எண்ணெயையே ஆதாரமாகக் கொண்டார்கள். வெட்பாலை இலைகளைக் கிள்ளித் தேங்காய் எண்ணெயில் இட்டுச் சில நாள் வெயிலில் வைத்தால், நிறமற்ற அந்த எண்ணெய் நாவற்பழச் சாறுபோல் ஊதாவாக மாறும். சோரியாசிஸ் எனப்படும் காளாஞ்சகப்படைக்கு அவர்கள் கொடுக்கும் ஔஷதம் அது. அருகம்புல்லின் சாற்றைச் சேர்த்துக் காய்ச்சும் அருகன் தைலமும் இவ்வினத்ததே.

காய்ச்சாத தேங்காய்ப்பாலையும் தலைக்குத் தேய்ப்பதுண்டு. ஊறவைத்த வெந்தயத்தை முதற்பால் விட்டு அரைத்துத் தலையில் அப்பி, அரைமணி நேரம் கழித்துச் சீயக்காய் தேய்த்துக் குளித்தால், வறண்டு சிக்குப் பிடித்த முடியும் கைக்கு அடங்கி வரும். பாலில் கொழுப்போடு நீரும் சர்க்கரையும் புரதமும் இருப்பதால் பிழிந்த சில மணி நேரத்தில் அது புளிக்கத் தொடங்கிவிடும். ஆகையால் அவ்வப்போது பிழிந்து அப்போதே பயன்படுத்தி, தலையில் எச்சம் நில்லாமல் அலசிவிட வேண்டும். மிகுந்ததை எடுத்துவைத்து மறுநாள் தேய்ப்பது தவறு.

இவ்வளவும் சொன்னபின், சொல்லக் கூடாத ஒன்றையும் குறிப்பிடுவது என் கடமை. தேங்காய் எண்ணெய் வழுக்கையில் முடியை முளைக்க வைக்கும் என்றும், நரையைக் கறுப்பாக்கும் என்றும் சொல்பவர்களை நான் ஒருபோதும் நம்பியதில்லை. நீங்களும் நம்ப வேண்டாம். உள்ள முடியை உடையாமல் காப்பதே அதன் தொழில். அதைப்போலவே, முகப்பரு உள்ள வாலிபர்கள் அதை முகத்தில் பூசினால் மயிர்க்கால்கள் அடைபட்டுப் பரு அதிகமாகலாம். எண்ணெய்ப் பிசுக்கோடு செதில் செதிலாக உதிரும் பொடுகுக்குக் காரணமான நுண்ணுயிர், தலையில் உள்ள கொழுப்பையே உண்டு வாழ்வது. அத்தகைய தலையில் எண்ணெயை அப்பிக்கொண்டே இருப்பது நோய்க்கு உணவூட்டுவதாகும். இத்தகைய பொடுகு உள்ளவர்கள் செல்ல வேண்டிய இடம் தோல் வைத்தியரின் வீடு.

இந்த எண்ணெய் சமையலுக்குரியதா, தலைக்குரியதா என்ற கேள்வி நம் நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. சிறு குப்பிகளில் அடைத்து விற்கும் தேங்காய் எண்ணெயைக் கேசத் தைலமாகக் கொண்டு அதிக வரி விதிக்க வேண்டும் என்பது அரசாங்கத்தின் கட்சி. சேலத்து மத்திய கலால் ஆணையர் தொடுத்த அவ்வழக்கில் 2018ஆம் ஆண்டில் இரண்டு நீதிபதிகள் வேறுபட்ட தீர்ப்பை அளித்ததால், அது மூவர் அமர்வுக்குச் சென்று, 2024 டிசம்பர் 18ஆம் தேதி முடிவுக்கு வந்தது. உண்ணத்தக்க சுத்தமான தேங்காய் எண்ணெய், கேசத் தைலம் என்று குறிக்கப்படாத வரையில், குப்பி சிறிதாக இருப்பதனால் மட்டும் சமையல் எண்ணெய் என்ற நிலையை இழந்துவிடாது என்று நீதிமன்றம் கூறிற்று. அந்தத் தீர்ப்பைப் பத்திரிகையில் வாசித்தபோது எனக்கு மெய்யாகவே மகிழ்ச்சி உண்டாயிற்று. சமையலறைக்கும் ஸ்நான அறைக்கும் நடுவே ஒரு சுவர் எழுப்பி, வாயில் வைக்கத் தகாததை மேனியில் பூசலாம் என்று நம்மைப் பழக்கிவிட்டது இந்தக் காலத்து வியாபாரம். இன்று பிரசவமான வீட்டுக்குப் பரிசாக வரும் பெட்டிகளில் இருக்கும் குழந்தை எண்ணெய்களில் பல வாசனை சேர்த்த கனிம எண்ணெய்களே. அவற்றால் பெருந்தீங்கு விளையும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நம் வீட்டு உருளியில் அரைநாளில் இறக்கக்கூடிய ஒன்றைக் கைவிட்டுவிட்டு அவற்றை விலைகொடுத்து வாங்குவதற்கு ஒரு நியாயமும் எனக்குத் தெரியவில்லை. தேங்காய் விலை ஏறிவிட்டது உண்மை. 15 காய் வாங்குவது இப்போது சிறு செலவன்று. ஒரு குழந்தைக்கு அவ்வளவு எண்ணெய் வேண்டியதில்லை. 5 காயில் கிடைப்பதே பல வாரங்களுக்குப் போதும்.

எனவே, வீட்டில் ஒரு பிரசவத்தை எதிர்பார்த்திருக்கும் வாசகரை நான் வேண்டிக்கொள்வது இதுதான். ஒன்பதாம் மாதம் பிறந்ததும் ஒரு பகற்பொழுதை இதற்கென்று ஒதுக்குங்கள். வடித்த எண்ணெயை ஈரமில்லாத கண்ணாடிக் குப்பியில் ஊற்றி, காய்ச்சிய தேதியை எழுதி ஒட்டுங்கள். காறல் வாடை வந்தால் தயங்காமல் கொட்டிவிடுங்கள். குழந்தைக்கு முதலில் முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவி ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள். தடிப்போ சிவப்போ கண்டால் நிறுத்திவிட்டு வைத்தியரிடம் காட்டுங்கள். குறைமாதக் குழந்தையானால் அவரைக் கேட்காமல் தொடங்கவே வேண்டாம். தண்ணீர்ச் சத்தம் அடங்கும் தருணத்தைக் காதால் அறியக்கூடிய மூதாட்டி ஒருவர் உங்கள் தெருவில் இன்னும் இருந்தால், அவரை அழைத்து வந்து அடுப்பருகே உட்காரவைத்து, அந்தப் பக்குவத்தை இப்போதே கற்றுக்கொள்ளுங்கள்.