பிக்மி நம்பரும் பாட்டியின் கைப்பேசியும்

பிறந்த குழந்தைக்குப் பெயர் கிடையாது. சீட்டில் அம்மா பெயர்தான். அப்பா பெயரை வைத்துத் தேடலாமென்றால் இது திருவண்ணாமலை, தெருவுக்கு நாலு அண்ணாமலை, ரெண்டு அருணாசலம். கர்ப்பம் பதியும்போது கொடுக்கும் 12 இலக்க ஆர்.சி.எச். எண்தான், ஊர் வழக்கில் பிக்மி நம்பர், இங்கே கைகொடுக்கும். பிறப்புச் சான்றிதழுக்கும் முத்துலட்சுமி ரெட்டி உதவித்தொகைக்கும் அது வேண்டும். யாரும் தொலைக்க மாட்டார்கள். பிறந்த குழந்தைகளின் பரிசோதனையைப் பின்தொடரும் மென்பொருள், முடிவையும் அந்த எண்ணிலேயே கோக்க வேண்டும்.

பரிசோதனை எளிது: குதிகாலில் ஒரு குத்து, தாளில் சில சொட்டு ரத்தம். அதில் தேடுவது பிறவித் தைராய்டு குறைபாட்டை; இந்தியாவில் ஏறத்தாழ ஆயிரம் குழந்தைகளில் ஒன்றுக்கு அது உண்டு. பார்த்தால் தெரியாது, அழாமல் தூங்குகிற சாதுப் பிள்ளை என்று வீட்டில் பூரிப்பார்கள். இரண்டு வாரத்துக்குள் மாத்திரை தொடங்கினால் மூளை வளர்ச்சி பிழைக்கும். மலிவான மாத்திரை, பொடித்துத் தாய்ப்பாலில் கரைத்துக் கொடுப்பது.

ஆனால் முடிவு வரும்போது பிள்ளை எங்கே? தலைப்பிரசவம், தாய்வீட்டில். பதிவான நம்பர் கணவனுடையது. அவர் பெங்களூரில் கட்டட வேலையில். முப்பது நாள் ஆகாமல் குழந்தையை வாசல் தாண்ட விடாத வீடுகளும் உண்டு. ஆகவே மென்பொருளின் திரையில் பாட்டியின் கைப்பேசி எண்ணுக்கு ஒரு கட்டம் கட்டாயம் வேண்டும். அந்த வீட்டில் தீர்ப்பு அவருடையது.

மறுபரிசோதனைக்குத் தேதி குறிக்கும் கணினிக்குப் பௌர்ணமி தெரிந்திருக்க வேண்டும். கிரிவலத்தன்று பேருந்துகள் ஊருக்கு வெளியிலேயே நின்றுவிடும். ரமணாசிரமத்துப் பக்கம், செங்கம் சாலை முழுக்க ஜனம். பச்சை உடம்புக்காரி கைக்குழந்தையோடு அதில் எப்படி வருவாள்? தீபத்து நாட்களைச் சொல்லவே வேண்டாம்.

'செய்தி அனுப்பியாச்சு' என்றதும் குழந்தையின் பதிவு, பார்க்க வேண்டியவர்கள் பட்டியலிலிருந்து மறையக் கூடாது. இதுதான் எனக்கு எல்லாவற்றிலும் முக்கியம். மருத்துவர் குழந்தையைப் பார்த்த பிறகே மறைய வேண்டும். ஜவ்வாது மலையில் சிக்னல் இல்லாத ஊருக்குக் குறுஞ்செய்தி போய் என்ன பயன்? காலையில் நர்சம்மா கையில் அன்றைய பட்டியல் இருக்கட்டும். அவர் படியேறிப் போய்ச் சொன்னால் பாட்டியும் கேட்பார்.

செவித்திறன் சோதனை: ஒரு மாதத்துக்குள் முதல் சோதனை, மூன்றுக்குள் உறுதி, ஆறுக்குள் சிகிச்சை. முதல் தடவை தேறாவிட்டால் காது கேட்காது என்று பொருளல்ல. பிறப்பின்போது காதில் தங்கிய கசடு இருந்தாலும் அப்படி வரும். இதை அப்போதே தாயிடம் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பயந்துபோய் வராமலே இருந்துவிடுகிறார்கள்.

ஆசிரமத்தைச் சுற்றி வாடகைக்கு இருக்கும் ஆந்திரக் குடும்பங்களுக்குச் செய்தி தெலுங்கில் போக வேண்டும். அவர்கள் ஊர் திரும்பினால், அங்குள்ள சுகாதார நிலையத்துக்கும் ஒரு நகல்.