சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் இடையே

பெங்களூரின் ஜே.சி. சாலை உதிரிபாகக் கடைகளில் அகலமான டயர் வாங்கிப் பொருத்திய கார் உரிமையாளர், சில நாள்களிலேயே ஓர் ஒலியைக் கேட்கத் தொடங்குகிறார். பின்னிருக்கையில் மூவர் அமர்ந்திருக்க, வேகத்தடையில் ஏறி இறங்குகையில் டயர் மட்கார்டில் உரசும் ஒலி அது. இந்தியச் சாலைப் பேராயம் வேகத்தடைக்குப் பரிந்துரைப்பது 10 செ.மீ. உயரமும் 3.7 மீட்டர் அகலமும். நகரின் உட்தெருக்களில் இவ்வளவுக்கு அடங்காத மேடுகள் ஏராளம்.

சிக்கலின் வேர் எளிய கணக்கில் உள்ளது. 185/65 ஆர்15 டயரின் விட்டம் 621.5 மி.மீ.; 205/65 ஆர்15 டயரின் விட்டம் 647.5 மி.மீ. அதே ரிம்மில் இதைப் பொருத்தினால், மேற்புறத்தில் 13 மி.மீ., வெளிப்புறத்தில் 10 மி.மீ. இடைவெளி பறிபோகிறது. அந்த இடைவெளி வீணாக விடப்பட்டதன்று. சுமையேறி சஸ்பென்ஷன் அமுங்கும்போதும் ஸ்டியரிங்கை முழுதும் ஒடிக்கும்போதும் சக்கரம் அசைவதற்காக ஒதுக்கப்பட்டது.

இழந்த இடத்தை வீட்டுவாசலிலேயே மீட்க முயல்வோர் உண்டு. மட்கார்டின் உள்நோக்கி மடிந்த விளிம்பைச் சூடுகாற்றால் இளக்கி, ரப்பர் சுத்தியலால் சிறிது சிறிதாக மேலே மடிப்பது ஒரு வழி. சூடு குறைந்தால் பெயின்ட் வெடிக்கும், மிகுந்தால் கொப்புளிக்கும். விளிம்பை வெட்டி எறிவது இன்னொரு வழி, இதுவே ஆபத்தானது. மடிப்புதான் அந்த மெல்லிய தகட்டுக்கு விறைப்பைத் தருகிறது. பின்சக்கர வளைவில் உள்தகடும் வெளித்தகடும் பெரும்பாலான கார்களில் அந்த விளிம்பில்தான் பற்றவைக்கப்பட்டுள்ளன. வெட்டினால் இணைப்பே போய்விடும். மடித்தால்கூட உள்ளிருக்கும் சீலன்ட் விரிசல் விடலாம்; அதை மீண்டும் பூசாவிட்டால் மழைநீர் புகுந்து துரு பிடிக்கும்.

எனவே சுத்தியலை எடுக்குமுன் உரசும் இடத்தை அறிய வேண்டும். விளிம்பின் உட்புறத்தில் சுண்ணக்கட்டியைத் தேய்த்து, முழுச் சுமையுடன் ஒரு வேகத்தடையைக் கடந்தால், அழிந்த இடம் விடையைக் காட்டும். உரசுவது விளிம்பன்றி உட்புற பிளாஸ்டிக் உறையோ சஸ்பென்ஷன் பாகமோ என்றால், மட்கார்டை மடிப்பதால் பயனில்லை.

சட்டத்தின் பக்கமும் உண்டு. உற்பத்தியாளர் குறித்த விவரங்களிலிருந்து பதிவுச் சான்றின் விவரங்கள் மாறுபடும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதனை உறுதிப்படுத்தியது. அவ்வாண்டுத் திருத்தம், அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்க வழிசெய்தது.

இவற்றைவிடக் கனமான கேள்வி மற்றொன்று. வெட்டிய விளிம்பில் பட்டிபூசி பெயின்ட் அடித்து மறைத்த கார் ஒருநாள் கைமாறும். உள்ளே பரவும் துருவும், உரசிச் சிதைந்த டயரின் பக்கச்சுவரும் வாங்குபவரின் கண்ணுக்கு எளிதில் புலப்படா. மைசூரு விரைவுச் சாலையில் 100 கி.மீ. வேகத்தில் அந்தப் பக்கச்சுவர் வெடித்தால், விலை கொடுப்பவர் அம்மாற்றத்தைச் செய்தவராக இருக்க மாட்டார். உற்பத்தியாளர் அந்த மாடலுக்குக் குறித்த டயர் அளவுக்குத் திரும்புவதே பெரும்பாலும் மலிவான தீர்வு. அதற்குச் சுத்தியலும் வேண்டியதில்லை.