மாமா கொண்டு வந்த வானத்துக் கல்!

ஒரு அட்வைஸ் பாஸ்... சொந்தக்காரங்ககிட்ட ஜியாலஜி படிக்கிறேன்னு மட்டும் சொல்லிடாதீங்க. அடுத்த வாரமே யாராவது மஞ்சப்பையில கல்லோட வந்து நிப்பாங்க. எனக்கு வந்தவர் தாய்மாமா. ஊர், சேலம் கஞ்சமலைப் பக்கம்.

''தோட்டத்துல குழி வெட்டுறப்ப கெடைச்சது மாப்ள. கறுப்பா, கனமா இருக்கு... காந்தம் வேற ஒட்டுது. 2008-ல சூளகிரியில வானத்துல இருந்து விழுந்துச்சே, அந்த ஜாதி. வித்தா உன் ஃபைனல் இயர் ஃபீஸ் முடிஞ்சுது!''

இந்தியாவுல விழற விண்கல்லுக்கெல்லாம் காப்பாளர் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைதான். சந்தையில விக்கிற சரக்கு இல்லை. ஆனா, மாமா முகத்துல இருந்த சந்தோஷத்தைப் பார்த்ததும் வாயே வரலை. ''பார்த்துச் சொல்றேன் மாமா''ன்னு வாங்கிக்கிட்டேன்.

எப்படிப் பார்க்கறது? கல்லை 0.03 மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்ச்சு, கீழேருந்து வெளிச்சம் விடறதுதான் எங்க லேப்ல வழக்கம். ஆனா, இரும்பு வழியா வெளிச்சம் போகாது. வெறும் கறுப்புதான் தெரியும். 'ஒளிபுகாதது'ன்னு ஒரே வார்த்தை எழுதிட்டு ரெண்டு வருஷம் தப்பிச்சவன் நான். விண்கல்லுல விஷயமே அந்தக் கறுப்புலதான் இருக்கு!

அதுக்கு, கல்லைக் கண்ணாடி மாதிரி பாலிஷ் பண்ணி, மேலேருந்து வெளிச்சம் விடணும். பட்டுத் திரும்பி வர்ற வெளிச்சம்தான் உளவாளி. சார் பீரோவுல இருந்த நிஜ விண்கல் துண்டை முதல்ல வெச்சேன். அடடா! சாதாரணக் கனிமங்கள் எல்லாம் மங்கின சாம்பல் நிறம். நடுவுல நிக்கல் கலந்த இரும்பு, கண்ணு கூசற வெள்ளை. அதை ஒட்டினாப்ல வெண்கலச் சாயல்ல டிராய்லைட்... இரும்பும் கந்தகமும் சேர்ந்தது. சந்தேகமா? ரெண்டு போலராய்டையும் குறுக்கே போட்டு மேடையைச் சுத்துங்க. இரும்பு இருட்டாவே கிடக்கும். டிராய்லைட் மின்னி மின்னி அணையும்.

வானத்துல இருக்கிற கல்லையும் திரும்பி வர்ற வெளிச்சத்தை வெச்சே எடை போடறாங்க. இட்டோகாவா குறுங்கோள் 'எல்.எல்.' ரக விண்கல் மாதிரி இருக்கும்னு டெலஸ்கோப்லயே கணிச்சாங்க. 2010-ல ஹயபுசா அதோட தூசியைக் கொண்டு வந்தப்ப, கணக்கு சரியா இருந்துச்சு. சூளகிரி கல்லும் அதே 'எல்.எல்.' ரகம்தான்!

இப்ப மாமா கல். ரெண்டு நாள் தேய்ச்சு, பாலிஷ் போட்டு, லென்ஸுக்குக் கீழே வெச்சேன். வட்ட வட்டமா ஓட்டைகள்... கொதிச்சப்ப காத்து வெளியேறின குமிழ்கள். கண்ணாடிக் குழம்புக்கு நடுவுல, மீன்முள் மாதிரி கிளை விட்ட இரும்பு ஆக்சைடு. டிராய்லைட் தேடினேன். பொட்டு கூட இல்லை.

சிட்டம்! இரும்பு உருக்கினப்ப கழிஞ்ச கசடு. கஞ்சமலை, காந்த இரும்புத் தாது மலை. அந்தப் பக்கம் அந்தக் காலத்துலயே ஊருக்கு ஊர் உலை வெச்சு உருக்கியிருக்காங்க.

போன்ல சொல்ல மனசு வரலை. மாமாவை லேபுக்கே கூட்டிட்டு வந்து காட்டினேன். ரொம்ப நேரம் கண்ணை எடுக்கலை மனுஷன்.

''அப்ப வானத்துல இருந்து வரலை. நம்ம பாட்டன் பூட்டன் காய்ச்சினதுங்கற?''

''ஆமா மாமா.''

கல்லைத் துடைச்சு மறுபடி மஞ்சப்பையில போட்டுக்கிட்டார்.

ஃபீஸா? அம்மா வளையல் பேங்க்ல இருக்கு. கல், மாமா வீட்டு டி.வி. மேல இருக்கு!