பாத்ரூமுக்குப் போன கடற்காற்று

நீங்கள் வீடு கட்டியிருக்கிறீர்களா? கட்டியிருந்தால், பிளான் போட எத்தனை நாள் ஆனது என்று யோசித்துப் பாருங்கள். எனக்கு இரண்டு சாயங்காலம் ஆனது. முதல் சாயங்காலம் இன்ஜினீயர், "எத்தனை பெட்ரூம் சார்?" என்று கேட்டார். இரண்டாவது சாயங்காலம் பிளானைக் கொண்டுவந்து நீட்டிவிட்டார். நடுவில் அவர் மனையைப் போய்ப் பார்த்தாரா என்று எனக்குத் தெரியாது. நானும் கேட்கவில்லை. பி.காம். படித்தவன் இல்லையா? சதுர அடிக்கு என்ன ரேட் என்பதை மட்டும் நாலு தடவை கேட்டேன்.

மனை சேதராப்பட்டில். புதுச்சேரி டவுனுக்குள் ஒரு செண்டு வாங்குகிற காசுக்கு அங்கே ஒரு வீடே கட்டிவிடலாம் என்பதுதான் அந்த ஊருக்குப் போன ஒரே காரணம். தொழிற்பேட்டை, ஷிப்ட் முடிந்தால் சாலை நிறைய சைக்கிளும் பைக்கும், நாலு எட்டு வைத்தால் தமிழ்நாடு. முத்தியால்பேட்டையில் முப்பது வருஷம் வாடகை வீட்டில் இருந்தவர்களுக்கு அது போதும்.

அப்பாவுக்கு என்று ஒரு அறை ஒதுக்கினோம். வீட்டுக்குப் பெரியவர் கன்னிமூலையில்தான் படுக்க வேண்டும் என்று வாஸ்து பார்த்தவர் சொன்னார். தென்மேற்கு மூலை அப்பாவுக்குப் போனது. மேற்கே பெரிய ஜன்னல். தெற்குச் சுவர் முழுக்க வார்ட்ரோப். கிழக்கே அட்டாச்டு பாத்ரூம். மில்லில் வேலை பார்த்து ரிட்டயர் ஆன மனிதருக்கு வெஸ்டர்ன் டாய்லெட்டோடு தனி அறை. எனக்கு ரொம்பப் பெருமை.

2016 சித்திரையில் குடிபோனோம். பத்தாம் நாள், அப்பா தன் பழைய கயிற்றுக் கட்டிலைத் தூக்கிக்கொண்டு வாசல் வேப்பமரத்தடிக்குப் போய்விட்டார். எழுபத்தெட்டு வயது. தெருவில் போகிறவர்கள் எல்லாம் பார்க்கிறார்கள். புது வீடு கட்டி அப்பனை வாசலில் படுக்கப் போட்டிருக்கிறான் பத்திரிகைக்காரன் என்று பேசுவார்களே என்று எனக்குக் கோபம்.

"உள்ள என்னப்பா குறை?"

"ஒரு குறையும் இல்லடா. வேகுது, அவ்வளவுதான்."

ஏ.சி. வாங்கிப் போட்டேன். மூட்டுக்கு ஆகவில்லை என்று அணைத்துவிட்டு மறுபடியும் வேப்பமரத்தடி. இரண்டு மாதம் எங்களுக்குள் சரியாகப் பேச்சுவார்த்தை இல்லை.

இந்தச் சமயத்தில்தான் ஒரு கட்டுரை வேலையாக கோல்கொண்டாவுக்குப் போனேன். ஹைதராபாத் கோட்டை இல்லை. புதுச்சேரியில், ஸ்ரீஅரவிந்தர் ஆசிரமத்துக்காரர்கள் தங்குகிற விடுதி அது. 'கோல்கோந்த்' என்று பிரெஞ்சில் சொல்வார்கள். அன்பர்கள் வசிக்கிற இடம் என்பதால் நினைத்த நேரத்தில் உள்ளே நுழைய முடியாது. தெரிந்தவர் ஒருவர் அனுமதி வாங்கித் தந்தார். முப்பது வருஷம் அந்தப் பக்கம் சைக்கிளில் போய் வந்தவன் நான். ஏதோ ஷட்டர் போட்ட கட்டடம் என்று நினைத்ததோடு சரி.

உள்ளே போனதும் முதலில் தெரிந்தது சத்தமின்மை. அடுத்தது, முதுகில் சட்டை ஒட்டவில்லை என்பது. மணி மதியம் இரண்டு. மே மாதம்.

அந்தக் கட்டடத்துக்கு வெளிச்சுவர் என்று நாம் நினைக்கிற சுவரே இல்லை. வடக்கிலும் தெற்கிலும் தரையிலிருந்து மேல்தளம் வரை சிமென்ட் பலகைகள் படுக்கைவாட்டில் அடுக்கியிருக்கின்றன. கைப்பிடியைத் திருப்பினால் அத்தனையும் சேர்ந்து சாயும். வெயிலா, மழையா, காற்றா, எது எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுக்குத் திறந்துகொள்ளலாம். அதற்கு உள்பக்கம் தேக்குக் கதவு. இழுத்துச் சாத்தலாம். சட்டங்களை முன்பின்னாக அமைத்திருப்பதால் சாத்திய பிறகும் காற்று வரும், ஆனால் வெளியில் இருப்பவர் கண்ணுக்கு உள்ளே இருப்பவர் தெரிய மாட்டார். வடக்கே நடைபாதை, தெற்கே அறைகள். கட்டடத்தின் நீளப் பக்கங்கள் வடக்கையும் தெற்கையும் பார்க்கின்றன. காலையிலும் சாயங்காலமும் சாய்ந்து வந்து அடிக்கிற வெயிலுக்குக் குறுகலான இரண்டு முனைகள்தான் கிடைக்கும். கூரையில் தளத்துக்கு மேலே வளைந்த கான்கிரீட் ஓடுகள், நடுவில் காற்று ஓட இடைவெளி. வெயில் ஓட்டைச் சுடும், தளம் தப்பித்துக்கொள்ளும். காலடியில் வழுவழுவென்று கடப்பைக்கல்.

எனக்கு என் வீட்டு மேற்குச் சுவர் ஞாபகம் வந்தது. மதியம் முழுக்க வெயிலைக் குடித்துவிட்டு, ராத்திரி எட்டு மணிக்கு மேல் அப்பாவின் தலைமாட்டில் அதைக் கக்குகிற சுவர்.

யார் இதை யோசித்தது என்று தேடினால் கதை பெரிது. ஆசிரமத்தின் அன்னை, டோக்கியோவில் அலுவலகம் வைத்திருந்த ஆன்டனின் ரேமண்டைக் கேட்டுக்கொண்டார். செக் நாட்டில் பிறந்தவர் ரேமண்ட். ஃபிராங்க் லாய்டு ரைட்டின் இம்பீரியல் ஹோட்டல் வேலைக்காக ஜப்பானுக்கு வந்து, அங்கேயே தங்கிவிட்டவர். ஹைதராபாத் திவான் சர் அக்பர் ஹைதரி மூலம் ஒரு லட்சம் ரூபாய் நன்கொடை வந்தது. அந்த நன்றிக்குத்தான் கோல்கொண்டா வைரச் சுரங்கத்தின் பெயர். ரேமண்ட் தன் அலுவலகத்திலிருந்து ஜார்ஜ் நகாஷிமாவை முன்னால் அனுப்பினார். செக் நாட்டுக்காரரான சாமர் என்ற இன்னொருவரும் வந்து சேர்ந்தார். அவர் லெ கொர்பூசியேவிடம் வேலை பார்த்தவர்.

நகாஷிமாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1905-ல் அமெரிக்காவில், ஜப்பானியப் பெற்றோருக்குப் பிறந்தவர். முதலில் வனவியல், பிறகு கட்டடக்கலை, அதற்கும் பிறகு எம்.ஐ.டி. பாரிஸ், டோக்கியோ என்று சுற்றிவிட்டுப் புதுச்சேரிக்கு வந்தார். வந்த மனிதர் முதலில் செய்த காரியம் என்ன தெரியுமா? ஒரே ஒரு அறையை முழு அளவில் மாதிரியாகக் கட்டிப் பார்த்தார்கள். மேஜை மேல் வைக்கிற அட்டை மாடல் இல்லை, ஆள் நுழைந்து நிற்கிற அறை! பலகை சரியாகச் சாய்கிறதா, கதவு சிக்குகிறதா, கான்கிரீட் எப்படி இறுகுகிறது, எல்லாத் தப்பையும் அந்த ஒரு அறையில் செய்து முடித்துக்கொண்டார்கள். வேலை செய்தவர்களில் பாதிப்பேர் ஆசிரமத்து அன்பர்கள். கரண்டி பிடித்துப் பழக்கமில்லாதவர்கள். அவர்களுக்கும் அந்த அறைதான் பள்ளிக்கூடம். அன்பர்கள் கொடுத்த பித்தளைப் பாத்திரங்களை உருக்கித்தான் கைப்பிடியும் கீலும் வார்த்தார்கள் என்கிறார்கள். திருப்பிப் பார்த்தேன். யார் வீட்டுச் சொம்போ, எண்பது வருஷமாக இன்னும் சுழல்கிறது.

ஆறு மாதத்தில் முடிகிற வேலை என்று நினைத்து ஆரம்பித்தது 1937-ல். நடுவில் உலகப்போர். 1940-களுக்குள் இழுத்துக்கொண்டு போனது. கெடு கிடையாது, காண்டிராக்டர் கிடையாது, ஒப்பந்தமே கிடையாது என்பதை ரேமண்ட் பின்னால் ஆச்சரியத்தோடு எழுதியிருக்கிறார்.

இங்கே எனக்குள் இருக்கிற பி.காம். எழுந்து உட்கார்ந்துவிட்டான். "நல்லா இருக்கு கதை. கூலி கேக்காத ஆளு, கெடு வைக்காத ஓனர். இப்படிக் கிடைச்சா எங்க இன்ஜினீயரும்தான் ரூம் கட்டிப் பார்ப்பார்" என்றான். நியாயமான கேள்விதான். நம் இன்ஜினீயர்கள் சதுர அடிக்குக் கொடுக்கிற காசில் பிள்ளையைப் படிக்க வைக்கிறவர்கள். இரண்டு சாயங்காலத்துக்குத்தான் நான் காசு கொடுத்தேன். இரண்டு சாயங்காலம் கிடைத்தது.

ஆனால் நகாஷிமாவின் கதை கோல்கொண்டாவோடு முடியவில்லை. இங்கே அவர் சம்பளம் வேண்டாம் என்று சொல்லி ஆசிரமத்தில் சேர்ந்தார். சுந்தரானந்தா என்று பெயர் கிடைத்தது. 1939-ல் கிளம்பிப் போய்விட்டார். 1942-ல், ஜப்பானிய வம்சத்தார் என்ற ஒரே குற்றத்துக்காக, அமெரிக்க அரசு அவரையும் மனைவியையும் கைக்குழந்தையையும் இடாஹோ பாலைவனத்தில் மினிடோக்கா முகாமில் அடைத்தது. அங்கே ஹிகோகாவா என்ற தச்சர் இருந்தார். எம்.ஐ.டி. பட்டதாரி அந்தத் தச்சரிடம் உட்கார்ந்து, கிடைத்த கட்டைகளை வைத்துக்கொண்டு, உளி பிடிக்கக் கற்றுக்கொண்டார். 1943-ல் பழைய முதலாளி ரேமண்ட்தான் பொறுப்பேற்று வெளியே எடுத்து, பென்சில்வேனியாவில் நியூ ஹோப் என்ற ஊரில் இருந்த தன் பண்ணையில் இடம் கொடுத்தார்.

அந்த ஊரில்தான் நகாஷிமா மரச்சாமான் செய்து பிழைத்தார். இப்போது கெடு உண்டு, பில் உண்டு, வாடிக்கையாளர் உண்டு. சும்மா கிடைத்த எட்டு கை கிடையாது. ஆனாலும் முறையை அவர் மாற்றவில்லை. முதலில் டிசைன் போட்டுவிட்டு அதற்கு மரம் தேடுகிற பழக்கம் அவரிடம் இல்லை. மரம் அறுக்கிறபோதே பக்கத்தில் நிற்பார். பலகைகளை வருஷக்கணக்கில் காயப் போடுவார். மேஜை கேட்டு வருகிறவர் நேரில் வர வேண்டும், பலகையைப் பார்க்க வேண்டும். இன்னாருக்கு இந்தப் பலகை என்று முடிவானால் அதிலேயே பெயரை எழுதிவிடுவார். ஓரத்தின் நெளிவைச் சீவித் தள்ள மாட்டார். வெடிப்பு இருந்தால் பலகையைக் கழிக்க மாட்டார், பட்டாம்பூச்சி மாதிரி ஒரு கட்டையை வெடிப்பின் குறுக்கே பதித்து இறுக்கிவிடுவார். அந்தப் பட்டாம்பூச்சிக்காகவே இன்றைக்கு அவர் மேஜைகளை ஏலத்தில் அடித்துப் பிடித்து வாங்குகிறார்கள். 1960-களில் அகமதாபாத் தேசிய டிசைன் கழகத்துக்கு வந்து இங்கேயும் சாமான்கள் வடிவமைத்துக் கொடுத்தார். 1990-ல் காலமானார்.

ஆக, கெடு இல்லாததால் வந்த பொறுமை இல்லை அது. யார் உட்காரப்போகிறார், எந்த மரம், எந்தப் பக்கத்துக் காற்று என்று முதலில் கேட்டுக்கொள்கிற புத்தி. பென்சிலை அதற்கப்புறம்தான் எடுப்பது. என் வீட்டுப் பிளானில் அந்தக் கேள்வியை இன்ஜினீயர் கேட்கவில்லை என்று அவரைத் திட்டிக்கொண்டே சேதராப்பட்டுக்கு வண்டி ஓட்டினேன். தொழிற்பேட்டை வளைவில் உறைத்தது. நானும் கேட்கவில்லையே! அப்பா எங்கே படுப்பார் என்று வாஸ்துக்காரரைக் கேட்டேன். அப்பாவைக் கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் கட்டிலின் இன்னொரு முனையில் போய் உட்கார்ந்தேன்.

"ஏம்ப்பா, நம்ம வீட்டுல காத்து எங்கேருந்து வருது?"

அவர் பதில் சொல்லவில்லை. டாக்டர் விடச் சொன்ன பீடியை எடுத்துப் பற்றவைத்தார். புகை என் முகத்தைத் தாண்டி வடமேற்கே போனது.

"மத்தியானத்துக்கு மேல கடக்காத்து ஏறும். தென்கெழக்கால. தெக்கால நீ அலமாரி வச்சிருக்க. கெழக்கால கக்கூஸ் வச்சிருக்க. காத்து நேரா அதுக்குள்ளதான் போவுது." ஒரு இழுப்பு இழுத்துவிட்டுச் சொன்னார்: "வீட்டுலயே ஜில்லுனு இருக்கறது அந்த எடந்தான். போய்ப் பாரு."

போய்ப் பார்த்தேன். வெஸ்டர்ன் டாய்லெட் மேல் உட்கார்ந்தால், சின்ன வென்டிலேட்டர் வழியாக, கடற்காற்று அற்புதமாக வந்துகொண்டிருந்தது.

அடுத்த வாரம் மேஸ்திரியைக் கூப்பிட்டேன். வார்ட்ரோபில் பாதியைக் கழற்றினோம். எந்த உயரத்தில் ஜன்னல் வைப்பது என்று மேஸ்திரி கேட்டார். நான் டேப் எடுக்கப் போனேன். அப்பா அதற்குள் கயிற்றுக் கட்டிலை உள்ளே இழுத்துப் போட்டு, அதன்மேல் படுத்து, தலை இருக்கிற இடத்துக்கு நேராகச் சுவரில் கரிக்கட்டியால் ஒரு கோடு போட்டார். பிறகு எழுந்து உட்கார்ந்து இன்னொரு கோடு. "இதுக்கும் அதுக்கும் நடுவுல ஒடைங்க."

வெளியே சன்ஷேடு, மேற்கு ஜன்னலுக்குத் தட்டி, கம்பி, கதவு எல்லாம் சேர்த்து முப்பத்தெட்டாயிரம் ஆனது. ஏ.சி.க்குக் கொடுத்ததைவிடக் கொஞ்சம் அதிகம். கரண்ட் பில் கிடையாது என்று மனசுக்குள் கழித்துக்கொண்டேன்.

ஜன்னல் வைத்த முதல் ராத்திரி அப்பா உள்ளேதான் படுத்தார். காலையில் காபி கொண்டுபோனேன். டம்ளரை வாங்கிக்கொண்டு சொன்னார்:

"கொசு வருதுடா. வலை அடிச்சிடு."

அடித்தேன். அந்த அறையில் அதற்கப்புறம் அவருக்கு மூன்று கோடை கிடைத்தது.